பருத்திக் கார்

இடிப்பதற்கு முன் அளக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஆஸ்பெஸ்டாஸ் எங்கே, ஈயப் பூச்சு எங்கே,
எந்தத் தூண் இன்னும் பொய் சொல்லாமல் நிற்கிறது.
சாக்சனியில் நவம்பர்
நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
இங்கோல்ஃப் கூரைமேல்.
நான் மூன்றாம் கூடத்தில், டார்ச்சும் டேப்புமாக.

தரையில் நான்கு போல்ட் துளைகள்.
அழுத்து எந்திரம் இங்கே இருந்திருக்கும்.
அதன் முன்னே கான்கிரீட்டில் தேய்ந்த
இரண்டு பாதங்கள்.
இடது பள்ளம் ஆழம் அதிகம்.
வலது கால் பெடலுக்கு, ஆகவே சரி.
என் பூட்ஸை உள்ளே வைத்துப் பார்த்தேன்.
என்னைவிடக் குள்ளம் அவள்.

தகடு கிடைக்காத நாடு அது.
பருத்திக் கழிவில் பிசினை ஊற்றிச்
சூட்டில் அழுத்திக் கதவு செய்தார்கள்.
சட்டையாகத் தேறாத பஞ்சு
காராகத் தேறியது.
(ஒரு காரையே பன்றி தின்றுவிட்டதாக
மதுக்கடையில் இன்னும் சொல்கிறார்கள்.
பன்றியை நான் அவ்வளவு குறைவாக மதிப்பிடவில்லை.)

ஐந்தே முக்கால் ஷிப்ட்.
ஹைட்ருன் என்று வைத்துக்கொள்கிறேன்,
பள்ளத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.
பஞ்சு மெத்தையை விரித்து,
ஓரம் கிள்ளி, கை எடுத்து,
மிதிக்கிறாள்.
எந்திரம் இறங்குகிறது.
எட்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும்.
எட்டு நிமிடத்தில் என்ன நினைப்பாள்?
உருளைக்கிழங்கு. கணவன். மறுபடி உருளைக்கிழங்கு.

அடுத்த பெயர் நான் வைத்ததில்லை.
லாக்கர் கதவின் உட்புறம் கீறியிருக்கிறது: துயெட்.
ஹாய்ஃபோங்கிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவளாம்.
உள்ளே ஒரு நூல்கண்டு, துருப்பிடித்த ஊசி.
இரவெல்லாம் விடுதியில் ஜீன்ஸ் தைத்து விற்றுவிட்டு,
பகலில் துணி கதவாவதை
அவள் எந்த முகத்தோடு பார்த்தாள்?
சிரித்திருப்பாள்.
மேற்பார்வையாளன் திரும்பியிருப்பான்.
ஹைட்ருன் இருமி மறைத்திருப்பாள்.
இது மட்டும் நடந்ததென்று
ஏனோ உறுதியாகத் தோன்றுகிறது.

மாடிப்படியில் ஏழாவது இல்லை. தாண்டினேன்.
அலுவலக அறையில் ஒரு அலமாரி,
இழுப்பறை இழுப்பறையாகப் பதிவு அட்டைகள்.

ரெனாடெ க்வாஸ்ட். பள்ளிச் சமையற்காரி.
பதிவு செய்தது: ஏப்ரல் 1977.
விரும்பும் நிறம்: வான்நீலம்.
மாற்று நிறம்: எதுவானாலும்.
கீழே பென்சிலில்,
அழைத்தது: பிப்ரவரி 1991. வரவில்லை.

அடுத்தது. வரவில்லை.
அடுத்தது. வரவில்லை.
பதினான்கு வருடம் வரிசையில் நின்றவர்கள்
எல்லை திறந்ததும்
மேற்கில் ஓட்டித் தேய்ந்த பழைய காரை
வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
யாரைக் குறை சொல்ல?
ஆனாலும் கீழே
சில மாதம் பள்ளத்தில் நின்று
வராதவர்களுக்குக் கதவு அழுத்தியிருக்கிறாள் ஒருத்தி.

என் அப்பாவும் பதிந்திருந்தார்.
என்ன நிறம் என்று கேட்டதில்லை,
கேட்கும் வயதில் அவரோடு பேச்சில்லை.
எங்கள் குடும்பப் பெயரின் இழுப்பறை
ஒழுகும் மூலைக்கு நேர் கீழே.
இழுத்தேன்.
முப்பது வருட மழையில் நனைந்து, காய்ந்து, நனைந்து
அட்டைகள் எல்லாம் ஒரே கட்டி.
நகத்தால் பிரித்தால் உதிர்கிறது.
விரலை மடக்கித் தட்டினேன்.
நன்றாகத்தான் ஒலித்தது.

படிவத்தில் எழுதினேன்:
உத்திரம், துரு, விற்கலாம்.
கூரை, ஆபத்து.
பருத்திக் கதவுகள், அறுபத்து மூன்று.
துருவில்லை, மக்கவில்லை,
எரித்தால் நச்சு.
அகற்றும் முறை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்துவிட்டேன்.

எங்கள் வேன் கொரியாவில் செய்தது.
முதல் திருப்பிலேயே கிளம்பியது.
மடியில் என்ன, செங்கல்லா
என்றான் இங்கோல்ஃப்.
கதவு என்றேன்.